பட்டியலில் மது முதலிடம் என்றால் மெத் பரவாயில்லையா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: அறிவியலாளர்கள் போட்ட பட்டியல் ஒன்றில் மதுவுக்கு 72 புள்ளி, மூளையைத் தூண்டும் ஊக்கிப் போதைப்பொருளான மெத்தாம்பெட்டமைனுக்கு (சுருக்கமாக மெத்) 33 தான். அப்படியானால் மெத் பற்றிய பயம் ஊதிப் பெருக்கியதுதானே? தினமும் குடிக்கும் உங்கள் நண்பர் அந்தப் பட்டியலைக் காட்டி, குடியை அடியோடு நிறுத்திவிட்டு வார இறுதியில் மட்டும் மெத் எடுக்கப் போவதாகச் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஒரு சமூகத்துக்கு எந்தப் பொருளால் மொத்தக் கேடு அதிகம் என்பது ஒன்று. ஒரு தனி மனிதர் நாளை எதைக் கையில் எடுத்தால் அவருக்குக் கேடு அதிகம் என்பது மற்றொன்று. பட்டியல் பெரும்பாலும் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது. நண்பர் அதை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது கேள்விக்கு ஒட்டுகிறார்.

பட்டியலுக்குள் போகுமுன் அவசரமான ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நண்பர் மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்வரை வழக்கமான அளவைச் சட்டென்று பூஜ்யமாக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பட்டியல் 2010இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. எழுதியவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் டேவிட் நட். போதைப்பொருள்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் தலைவர் பொறுப்பிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டு, 2009 அக்டோபரில், நீக்கப்பட்டவர் அவர். வல்லுநர்கள் கூடி உட்கார்ந்து, 20 பொருள்களுக்கு 16 அளவுகோல்களில் மதிப்பெண் போட்டார்கள். அவற்றில் 9 எடுப்பவருக்கே வரும் கேடு பற்றியவை: சாவு, உடல்நோய், அடிமைத்தனம், மனநலச் சிதைவு, வேலையையும் உறவையும் இழப்பது போன்றவை. மற்ற 7 பிறருக்கு வரும் கேடு: காயம், குற்றம், குடும்பச் சிதைவு, பொருளாதாரச் செலவு போன்றவை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். ஆக, 72, 33 என்பவை தராசில் நிறுத்து எடுத்த அளவுகள் அல்ல. விஷயம் தெரிந்தவர்கள் முறைப்படி ஒழுங்கு செய்து தந்த தீர்ப்புகள். அதனால் அவை மதிப்பற்றவை என்றாகிவிடாது. ஆனால் எதை அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறு வரும்.

மெத்தின் அந்த 33ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 32 எடுப்பவருக்கு வரும் கேடு. பிறருக்கு வரும் கேடு என்ற பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மதுவின் 72இல் 46 பிறருக்கு வரும் கேடு. குடிப்பவருக்கு வருவது 26. அதாவது, நண்பர் காட்டும் அதே பட்டியலில், எடுக்கும் ஆளுக்கு என்ன ஆகும் என்ற பகுதியில் மெத் மதுவைவிட மேலே நிற்கிறது. கிராக் கொக்கெய்ன், ஹெராயின் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அதற்கு. நண்பர் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கிறார் என்றால் அவர் பார்க்க வேண்டிய எண் 33 அல்ல, 32. அதனோடு ஒப்பிட வேண்டியது 72 அல்ல, 26.

பிறருக்குக் கேடே இல்லை என்பதுபோல் மெத்துக்கு ஏன் மதிப்பெண் விழுந்தது? அன்றைய பிரிட்டனில் அதை எடுப்பவர்கள் மிகச் சொற்பம். இல்லாத ஒன்றால் அண்டை வீட்டாருக்குக் கேடு வராது. இதே முறையில் ஆஸ்திரேலிய வல்லுநர்கள் 2019இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அங்கே படிக மெத், அதாவது ஐஸ், பரவலான பிரச்சினை. அந்தப் பட்டியலில் எடுப்பவருக்கு வரும் கேடு 42, பிறருக்கு வரும் கேடு 24 என்று படிக மெத் 66 புள்ளிக்கு ஏறிவிட்டது. மது அங்கேயும் முதலிடம்தான், 77 புள்ளி. மூலக்கூறு மாறவில்லை, மனித மூளை மாறவில்லை. எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியமாக மாறியது. விவாதங்களில் 33 என்ற எண்ணைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இந்த 66ஐச் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டும்.

சமூக அளவில் மது பெரிய கேடு என்பதில் எந்த ஐயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மதுவால் உலகெங்கும் 26 லட்சம் பேர் இறந்தார்கள். சட்டவிரோதப் போதைப்பொருள்கள் எல்லாம் சேர்ந்தே சுமார் 6 லட்சம். அந்த 6 லட்சத்திலும் பெரும்பங்கு அபின் வகைகளுடையது. “மதுதான் பெரிய கொலையாளி” என்று சொல்பவர்கள் இந்த அளவில் சரி. மது சட்டப்படி விற்கப்படுவதால் அது மென்மையானது என்று நினைப்பவர்கள் முழுக்கத் தவறு. எந்தப் பொருளுக்கு அனுமதி, எதற்குத் தடை என்பதை வரலாறு, வரி வருமானம், பழக்கம் எல்லாம் சேர்ந்து தீர்மானித்தன. கேட்டின் வரிசைப்படி யாரும் சட்டம் எழுதவில்லை. மெத்தாம்பெட்டமைனே ஒரு காலத்தில் மருந்துக்கடைச் சரக்குதான். 1893இல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி அதை முதலில் உருவாக்கினார். 1938 முதல் ஜெர்மனியில் பெர்விட்டின் என்ற மாத்திரையாக விற்கப்பட்டு, போர்க்காலத்தில் படைவீரர்களுக்கும் அள்ளிக் கொடுக்கப்பட்டது.

ஆனால் மொத்தச் சாவு வேறு, எடுப்பவர் ஒருவருக்கு வரும் ஆபத்து வேறு. சாலையில் மிதிவண்டி விபத்தைவிட கார் விபத்தில் அதிகம் பேர் சாகிறார்கள் என்பதால் மிதிவண்டிக்காரர் பாதுகாப்பானவர் என்றாகிவிடுமா? வகுக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஓரளவு நல்ல தரவு இருப்பதால் அதை எடுத்துக்கொள்வோம். 2021இல் அங்கே ஓராண்டில் ஒருமுறையாவது மெத் எடுத்தவர்கள் சுமார் 25 லட்சம். மெத் முதலான ஊக்கிகள் சம்பந்தப்பட்ட மிகையளவுச் சாவுகள், அதாவது அளவுமீறி எடுத்ததால் நேர்ந்த சாவுகள், அந்த ஆண்டு ஏறத்தாழ 32,500. ஆயிரம் பேருக்கு 13 சாவு. அதே ஆண்டில் மது அருந்தியவர்கள் ஏறத்தாழ 17 கோடி. மதுவால் நேர்ந்த சாவுகள் 2020, 2021 ஆண்டுகளின் சராசரியாக 1,78,000. ஆயிரம் பேருக்கு ஒன்று. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்தப் பத்து மடங்கையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 17 கோடிப் பேரில் பெரும்பாலோர் எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவர்கள். அவர்களை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் மது மென்மையாகத் தெரியும். ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிட வேண்டும். குடிநோய் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் சுமார் 2.95 கோடி. மெத் பழக்கம் நோயாகிவிட்டவர்கள் சுமார் 16 லட்சம். இவர்களை வைத்து வகுத்தால் மதுவுக்கு ஆயிரத்துக்கு 6, மெத்துக்கு ஆயிரத்துக்கு 20. பத்து மடங்கு மூன்று மடங்காகச் சுருங்குகிறது. இதிலும் பிசிறுகள் உண்டு. அந்த மெத் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஃபென்டனில் போன்ற அபின் வகைப் பொருளும் உடலில் இருந்தது. எதனால் செத்தார் என்று பிரிப்பது கடினம். வீடற்றோரும் சிறையில் இருப்போரும் இத்தகைய வீட்டுக் கணக்கெடுப்பில் சரியாக வருவதில்லை, எனவே மெத் எடுப்பவர் தொகை குறைத்து எண்ணப்பட்டிருக்கும். மறுபக்கம், மெத்தால் இதயம் பழுதாகிச் சில ஆண்டுகள் கழித்து இறப்பவர் இந்த 32,500இல் இல்லை. மதுவின் எண்ணிலோ கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. தாம் குடிக்காமல், குடித்தவரால் நேர்ந்த விபத்தில் மாண்டவர்களும் இருக்கிறார்கள். எனவே துல்லியமான மடங்கு எதுவென்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மேற்சொன்ன எல்லாத் திருத்தங்களையும் போட்டபின்னும் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தீவிரமாக எடுப்பவர் ஒருவருக்கு, ஓர் ஆண்டில் சாகும் ஆபத்து மெத்தில் அதிகம்.

“எடுத்தவர்களில் எத்தனை பேர் அடிமையாகிறார்கள்” என்ற எண்ணும் இந்த விவாதத்தில் அடிக்கடி வீசப்படுகிறது. 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது குடித்தவர்களில் 15 சதவீதம் பேர் சார்புநிலைக்கு, அதாவது அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு, போனார்கள். கொக்கெய்ன் தவிர்த்த ஊக்கிகளில் 11 சதவீதம்தான். இதைப் பார்த்தால் மெத் மதுவைவிட மென்மை என்று தோன்றும். ஆனால் அந்த 11 சதவீதத்தில் உடல் எடை குறைக்கவும், தூக்கம் விரட்டவும் மாத்திரை விழுங்கிய கூட்டமும் அடக்கம். விழுங்கிய மாத்திரை மெல்ல ஏறும். படிகத்தைப் புகைத்தாலோ ஊசியில் ஏற்றினாலோ சில நொடிகளில் மூளையைத் தொடும். எவ்வளவு வேகமாக மூளைக்குப் போகிறதோ அவ்வளவு வேகமாகப் பழக்கம் இறுகும் என்பது எல்லா போதைப்பொருள்களுக்கும் பொதுவாக நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்காவில் கவனக்குறைவு நோய்க்கு (ஏ.டி.எச்.டி) இன்றும் 5 மில்லிகிராம் மெத்தாம்பெட்டமைன் மாத்திரைக்கு அனுமதி உண்டு. வழக்கமான அளவு நாளுக்கு 20, 25 மில்லிகிராம். தெருவில் கிடைக்கும் படிகத்தைப் புகைப்பவர் இதைப் பல மடங்கு தாண்டுவார். ஒரே மூலக்கூறுதான். அளவும் வழியும் வேறானால் விளைவு வேறாகிவிடும்.

“வார இறுதியில் மட்டும்” என்ற திட்டம் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கான விடை இந்த இரு பொருள்களின் கடிகாரத்தில் இருக்கிறது. 40 சதவீத மது 60 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் மணிக்கு சுமார் 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். மெத்தின் அளவு உடலில் பாதியாகவே ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு எடுத்தால் காலை 8 மணிக்குப் பாதி மிச்சம், மாலை 6 மணிக்குக் கால் பங்கு மிச்சம். ஆனால் கிளர்ச்சி அதற்கு வெகு முன்பே வடிந்துவிடும். வடிந்ததும் அடுத்த முறை எடுக்கத் தோன்றும். உள்ளே பழையது தீராமலே புதியது ஏறும். இரத்த அழுத்தமும் உடல்சூடும் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். தூக்கம் ஓர் இரவு போய், இரண்டாம் இரவும் போகும். சனிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் தின்றுவிடும். அசதி, சோர்வு, பெரும்பசி, எதிலும் பிடிப்பின்மை. அதைத் தாங்க முடியாமல் புதன்கிழமை இன்னொரு முறை. வாரம் ஒருமுறை என்று தொடங்கியது இப்படித்தான் நெருங்குகிறது.

மனநோய் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. மதுவும் மாயக்குரல்களைக் கேட்கவைக்கும். ஆனால் பெரும்பாலும் நீண்டகாலக் குடிக்குப் பிறகு, அல்லது குடியை நிறுத்தும் நாட்களில். மெத்தில் நல்ல இளவயது உடலிலும், சில மாதப் பழக்கத்திலும்கூட அது வரலாம். தொடர்ந்து எடுப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எப்போதாவது மனப்பிறழ்வு அறிகுறி வந்திருப்பதாகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் ஒலிவாங்கி இருக்கிறது, தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்ற உறுதியான நம்பிக்கைகள். நிறுத்தித் தூங்கினால் பெரும்பாலோருக்கு சில நாட்களிலோ ஒரு மாதத்துக்குள்ளோ தெளியும். ஆனால் இத்தகைய மனப்பிறழ்வு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரினியா) என்று உறுதியாகிறது. மெத் அதை உண்டாக்கியதா, அல்லது எப்படியும் வரவிருந்ததை முன்னே இழுத்துவந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து கூடுதல் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நண்பரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இதயத்தைப் பொறுத்தவரை மெத் கொடூரமானது. முப்பது வயதிலேயே இதயத்தசை தளர்ந்து வீங்கிவிடுகிறது, மூளையில் இரத்தநாளம் வெடிக்கிறது, நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறுகிறது. ஆறுதலான செய்தி, ஆரம்பத்தில் நிறுத்தியவர்களில் பலருக்கு இதயம் கணிசமாக மீள்கிறது. பல் சிதைவு மெத் புகையின் அமிலத்தால் வருகிறது என்று பரவலாகச் சொல்வார்கள். வாய் வறள்வது, பல்லைக் கடிப்பது, இனிப்புப் பானங்களைக் குடித்துக்கொண்டே இருப்பது, பல நாள் பல் துலக்காதது ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். “மெத் மூளையில் ஓட்டை போடுகிறது, திரும்பவே முடியாது” என்பது மிகை. உந்துதலைத் தரும் மூளை வேதிப்பொருளான டோபமைன் சார்ந்த அமைப்புகளில் குறைவு ஏற்படுவது படமெடுத்துக் காட்டப்பட்டது. ஓராண்டை நெருங்கும் அளவுக்கு விலகி இருந்தவர்களிடம் ஓரளவு மீட்சியும் காணப்பட்டது. நினைவு, கவனம் பற்றிய சோதனைகளில் மெத் எடுப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வயதுக்கும் படிப்புக்கும் உரிய இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறார்கள் என்று அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கார்ல் ஹார்ட் முதலானோர் 2012இல் எடுத்துக்காட்டினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. அதற்காக ஆபத்து இல்லை என்று பொருளாகாது; நடுக்குவாத நோய் (பார்க்கின்சன்) பிற்காலத்தில் வரும் வாய்ப்பு மெத் எடுத்தவர்களிடம் அதிகம் என்பதற்குப் பெரிய மருத்துவமனைப் பதிவுகள் சான்று தருகின்றன. மிகைப்படுத்திப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொய்யைக் கண்டுபிடித்த இளைஞன் அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பத்து உண்மைகளையும் தூக்கி எறிந்துவிடுவான்.

மது தொடாத உறுப்பு உடலில் இல்லை என்றே சொல்லலாம். கல்லீரலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று ஏழு வகைப் புற்றுநோய்களுக்கு மது நேரடிக் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. மதுபானங்களை 1988இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல்தரப் புற்றுநோய்க் காரணிகளின், அதாவது புற்றுநோய் தருவது உறுதியானவற்றின், பட்டியலில் சேர்த்துவிட்டது. மெத்துக்கு இத்தகைய நிறுவப்பட்ட புற்றுநோய்த் தொடர்பு கிடையாது. கருவிலிருக்கும் குழந்தைக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு தருவதிலும் மதுவின் சான்றுதான் உறுதியானது. மெத்தில் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் தெளிவாகத் தெரிகின்றன. குழந்தையின் நீண்டகால அறிவுவளர்ச்சி பற்றிய தரவு வறுமை, புகைபிடித்தல் எல்லாவற்றோடும் கலந்து குழம்பிக்கிடக்கிறது.

வன்முறைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் மெத் சார்புநிலையில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014இல் வந்தது. வெவ்வேறு ஆட்களை ஒப்பிடாமல், ஒரே ஆளையே அவர் எடுத்த மாதத்திலும் எடுக்காத மாதத்திலும் ஒப்பிட்டார்கள். அதுதான் அந்த ஆய்வின் பலம். எடுத்த மாதங்களில் வன்முறைக்கான வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு. மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் எடுத்தால் 9.5 மடங்கு. அதே ஆய்வில் அதிகக் குடியும் தனியாக ஆபத்தைக் கூட்டியது. மெத் எடுப்பவர் எல்லோரும் அடிப்பார் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் தூக்கமின்மையும் சந்தேகமும் சேர்ந்த ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. உலக அளவில் வீட்டுக்குள் விழும் அடிகளில் மதுவின் பங்குதான் பெரிது. காரணம் மறுபடியும் எண்ணிக்கை.

இப்போது நண்பரின் திட்டம். பல ஆண்டு குடித்த மூளை, மதுவின் அமுக்கத்துக்கு ஈடாகத் தன் விசைகளை எல்லாம் உயர்த்தி வைத்திருக்கும். திடீரென்று அமுக்கத்தை எடுத்தால் அந்த விசைகள் கட்டவிழும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பின் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் குழப்பமும் காய்ச்சலும் மாயத்தோற்றமும் சேர்ந்த பிதற்றல்நிலை வரும். சிகிச்சையே இல்லாத காலத்தில் அதில் மூன்றில் ஒருவர்வரை இறந்தார்கள். இன்று முறையான சிகிச்சையில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மெத்தை நிறுத்துவது இப்படி இல்லை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கவனிக்கப்பட வேண்டியவை, ஆனால் நிறுத்துவதே உயிரைப் பறிப்பதில்லை. நிறுத்தும் விஷயத்தில் மதுதான் கொடியது.

நண்பர் வெள்ளிக்கிழமை குடியை நிறுத்திச் சனிக்கிழமை மெத் எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வலிப்பு வரக்கூடிய அதே மணிநேரங்களில், வலிப்பைத் தூண்டும், இரத்த அழுத்தத்தையும் உடல்சூட்டையும் ஏற்றும் பொருள் ஒன்று உள்ளே போகிறது. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற இதைவிட மோசமான நேரம் இல்லை. ஏதாவது ஆனால் மருத்துவமனையிலும் குழப்பம் வரும். வியர்வை, நடுக்கம், காய்ச்சல், மாயத்தோற்றம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் ஒரே இரவில் சேர்ப்பதும் நல்லதல்ல. மெத் தூக்கத்தை மறைப்பதால் எவ்வளவு குடித்தோம் என்று தெரியாமல் குடிப்பார்கள். இதயத்தின் மீது விழும் சுமையும் கூடும்.

குடியை விட வேண்டும் என்ற அவருடைய எண்ணம் பாராட்டத்தக்கது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடிநோய்க்குச் சிகிச்சை வழிகள் தெளிவாக உள்ளன. குடியை நிறுத்தும் விலகல் நாட்களுக்கு, வலிப்பையும் படபடப்பையும் அடக்கும் மருந்துகளான டயஸிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு, கல்லீரல் பழுதென்றால் லோரசிபாம். 5 முதல் 7 நாட்களில் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின், அதாவது பி1 வைட்டமின், பெரும்பாலும் ஊசியாக, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ தரப்பட வேண்டும். அது தவறினால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகக்கூடும். பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் நாளுக்கு 50 மில்லிகிராம், அல்லது அகாம்ப்ரோசேட் 666 மில்லிகிராம் மூன்று வேளை. எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் இவை சோதித்துப் பார்த்த மருந்துகள். மெத் சார்புநிலைக்கு இன்றுவரை அப்படி ஏற்பு பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. நால்ட்ரெக்சோன் ஊசியும், மனச்சோர்வுக்குத் தரப்படும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம். நம்பிக்கைதான், ஆனால் சிறியது. சிறுநீர்ச் சோதனையில் மெத் இல்லை என்றால் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் முறைக்குத்தான் இதுவரை வலுவான சான்று இருக்கிறது. அது கிடைக்கும் இடங்கள் குறைவு. மருந்து இருக்கும் நோயை விட்டு மருந்தில்லாத நோய்க்கு மாறுகிறார் என்று அவரிடம் நேரடியாகச் சொல்லலாம்.

மருத்துவரிடம் போகும்போது நான்கு விவரங்களை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்: ஒரு நாளில் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா, மெத் உட்பட வேறு என்ன எடுத்திருக்கிறார், எப்போது. முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் வீட்டில் நிறுத்தவே கூடாது, மருத்துவமனையில் சேர வேண்டும். வீட்டிலிருக்கும்போது வலிப்பு, குழப்பம், அனல்போல் உடல்சூடு, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் செயலிழப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். சூடு ஏறியிருந்தால் சட்டையைக் கழற்றி ஈரத்துணி போட்டுக் காற்று வீசுங்கள். குப்புறப் போட்டு அமுக்கிப் பிடிக்காதீர்கள். மெத் எடுத்த உடலில் அப்படிப் பிடித்தபோது இதயம் நின்றவர்கள் உண்டு. குடித்து மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை எண்ணிக்கொண்டு, ஊர்தி வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.